நாலரை அங்குலம்

கைபேசியை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு வீடு முழுக்க நடந்து வர ஷெர்வினுக்குப் பதினோரு நிமிடம் ஆயிற்று. ஒத்துப் பார்ப்பதற்காக அதே வீட்டை டேப் போட்டு அளந்துகொண்டிருந்த ஜெபகுமாருக்கு இரண்டே கால் மணி நேரம் கழித்தும் வெளியளவு பாக்கி இருந்தது.

டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லை. செங்கல் ஒன்றை வைத்து முனையை அழுத்திவிட்டு, அந்தப் பக்கம் நடந்து, அளவைப் பார்த்து, திரும்பி வந்து செங்கல்லை எடுத்தான். ஏசுதாசன் ஆபீஸ் ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதினோரு நிமிஷம்ப்பா," என்றான் ஷெர்வின். "அதுல ரெண்டு நிமிஷம் சோபாவை நகர்த்தினதுல போச்சு."

"இவன் இன்னும் வீட்டைச் சுத்திக்கிட்டிருக்கான்," என்றார் ஏசுதாசன். காதில் விழட்டும் என்றுதான் சொன்னார்.

ஷெர்வின் பெங்களூர் வேலையை விட்டு மாடம்பாக்கத்துக்கு வந்து ஒன்பது நாள். சிவில் படித்தவன். ஆனால் சைட்டில் ஒரு நாளும் வெயிலில் நின்றதில்லை. வரும்போது ஒரு புது லேப்டாப்பும், முப்பது நாள் இலவசமாக ஓடும் டிசைன் சாஃப்ட்வேரும் கொண்டுவந்தான். அதற்குத் துணையாகக் கைபேசியில் ஓர் ஆப். கேமராவைக் காட்டிக்கொண்டு நடந்தால் போதும். சுவர், கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் அதுவே வரைந்துகொள்ளும். கட்டில் தெரிந்தால் படுக்கையறை என்று எழுதும். அடுப்பு தெரிந்தால் சமையலறை.

வீட்டின் முன்னறைதான் ஏசுதாசனின் ஆபீஸ். இருபத்தேழு வருடமாக மாடம்பாக்கம், சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம் என்று சுற்று வட்டாரத்துக்கெல்லாம் வீட்டு பிளான் போட்டு, தன் லைசென்ஸ் முத்திரையை வைத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார். எட்டு வருடமாக அந்த பிளான்களை வரைகிறவன் ஜெபகுமார். கோவளத்திலிருந்து டிராஃப்ட்ஸ்மேனாக வந்தான். மறுவருடம் அவர் மகள் எப்சியைக் கல்யாணம் செய்து மாப்பிள்ளை ஆனான்.

எப்சி போய்ப் பதினான்கு மாதம். டெங்கு. ஆறே நாள்.

அதன்பிறகு வீட்டில் ஒவ்வொன்றாகக் கழன்றது. ஏசுதாசன் மாப்பிள்ளை என்று கூப்பிடுவதை நிறுத்தினார். ஷெர்வின் அத்தான் என்று கூப்பிடுவதை விட்டு ஜெபா என்றான். எப்சியின் கட்டில் கீழே போயிற்று, விருந்தாளிகளுக்கு வேண்டும் என்று. ஐந்து வயது ஜெரூஷாவும் கீழே போனாள், பாட்டியோடு படுக்க.

போன மாதம் ஜெபகுமார் ஊரப்பாக்கத்தில் ஒரு சின்ன வீட்டை வாடகைக்குப் பார்த்துவிட்டு வந்து, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொன்னான். அன்றைக்கு மாமியார் ரத்தினபாய் குரலைக்கூட உயர்த்தவில்லை.

"நீங்க தாராளமாப் போங்க. பிள்ளை இங்கதான். ஒத்த ஆம்பளையால பொட்டப் பிள்ளையை வளர்க்க முடியாதுன்னு யார்கிட்ட சொன்னாலும் ஒத்துப்பாங்க. எனக்கு இன்னும் ஒரே ஒரு காரணம் கெடைக்கட்டும், அப்புறம் வாசப்படிகூட ஏற விடமாட்டேன்."

அந்த ஒரு காரணத்தைக் கொடுத்துவிடாமல் இருப்பதுதான் ஒரு மாதமாக அவன் செய்துவரும் வேலை.

பதினொன்றரைக்கு அளந்து முடித்து உள்ளே வந்தான். ஷெர்வினின் படம் திரையில் தயாராக இருந்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மாடியின் கூரையைக் கழற்றிவிட்டு மேலிருந்து எட்டிப் பார்ப்பதுபோல.

ஜெபகுமார் தன் நோட்டை அதன் பக்கத்தில் வைத்தான். அறைகளின் உள்ளளவு, சுவர்களின் கனம், எல்லாவற்றையும் கூட்டினால் வெளியளவு வர வேண்டும். வராவிட்டால் எங்கோ தப்பு. எப்சி ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் இந்தக் கணக்கைப் போட்டு டிக் அடித்த பிறகுதான் அடுத்த பக்கத்தைத் திருப்புவாள். அந்தப் பழக்கம் அவனுக்கும் ஒட்டிக்கொண்டது.

கீழ்த்தளம் சரியாக இருந்தது. மாடி உதைத்தது. அவன் டேப்பில் வெளியளவு இருபத்து நான்கு அடி மூன்று அங்குலம். ஆப்பில் நாலரை அங்குலம் குறைவு.

சொன்னான்.

"டேப் தொய்ஞ்சிருக்கும்," என்றான் ஷெர்வின். "செங்கல்லு வச்சு அளந்தா அப்படித்தான்."

டேப் தொய்ந்தால் அளவு கூடும்தான். ஆனால் நாலரை அங்குலம் கூடாது. அந்த நாலரை எங்கே போயிற்று என்று ஜெபகுமாருக்குத் தெரியும். மாடியில் இரண்டு அறை. நடுவில் ஒரு சுவர், அதில் கதவு கிடையாது. ஷெர்வின் ஒவ்வோர் அறையையும் தனித்தனியாக எடுத்திருக்கிறான். சுவரின் இரண்டு முகங்களையும் ஆப் பார்த்தது. கனத்தைப் பார்க்கவில்லை. தானாக ஒரு நாலரை அங்குலத் தடுப்புச் சுவரைப் போட்டுவிட்டது.

உண்மையில் அது ஒன்பது அங்குலம்.

ஜெரூ பிறந்த மறுவருடம் ஏசுதாசனும் ரத்தினபாயும் மூட்டு ஆபரேஷனுக்காக இரண்டு மாதம் நாகர்கோவிலில் இருந்தார்கள். அப்போது மாடிப்படிக்கு மேலே இருந்த தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் விரிசல் விட்டு ஒழுகியது. எப்சியும் அவனும்தான் முடிவெடுத்தார்கள். பழைய தடுப்புச் சுவரை இடித்து, ஒன்பது அங்குலத்தில் கட்டி, அதன் தலைக்கு நேராக மொட்டை மாடியில் மேடை எழுப்பி, இரண்டாயிரம் லிட்டர் தொட்டியைத் தூக்கி வைத்தார்கள். நிரம்பினால் இரண்டு டன். ஒழுகல் சரியாயிற்று என்று அப்பாவிடம் போனில் சொன்னாள். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. மூட்டு வலியால் அதன்பின் மொட்டை மாடிக்கு அவர் ஏறவும் இல்லை.

நம்ம வீட்டு பிளான்ல இதை மாத்தணும் என்று எப்சி அடிக்கடி சொல்வாள். ஊராரின் பிளானை நாள் தவறாமல் திருத்துகிற ஆபீஸில் சொந்த வீட்டு பிளானுக்கு மட்டும் நேரம் வரவில்லை.

"ஷெர்வின், அந்த நடுச் சுவரு..." என்று ஆரம்பித்தவன் நிறுத்தினான். கண் திரையில் வேறொன்றைப் பார்த்துவிட்டது.

மாடியில் பெரிய அறைக்கு நடுவே பெட்ரூம் என்று இருந்தது. அதற்குப் பக்கத்தில், அவன் படுக்கிற அறைக்கு நடுவே, ஸ்டோர் என்று இருந்தது.

ஆப்பைக் குறை சொல்ல முடியாது. கட்டில் இல்லை. இரவு விரிக்கிற பாயைக் காலையில் சுருட்டிக் கதவுக்குப் பின்னால் நிறுத்திவிடுவான். மற்றபடி எப்சியின் துணிகள் உள்ள நான்கு அட்டைப் பெட்டி, ஒரு சூட்கேஸ், பழைய டிராயிங் சுருள்கள். மனிதன் படுக்கிற இடம் என்று சொல்ல அதில் எதுவுமில்லை.

"இதை மாத்தலையா?" என்று கேட்டான்.

ஷெர்வின் திரையைப் பார்த்தான். பிறகு அப்பாவைப் பார்த்தான்.

"இருக்கட்டும்," என்றார் ஏசுதாசன். "ஆப் பார்த்ததைத்தானே எழுதியிருக்கு."

நடுச் சுவரைப் பற்றி அதற்குப்பின் யாரும் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

நான்கு மணிக்குக் கூடுவாஞ்சேரியிலிருந்து பெண் வீட்டார் வருவதாக இருந்தது. பெண்ணின் பெயர் ஜோவிதா. அடுத்த மாதம் கல்யாணம். அவளுடைய அப்பா பொன்னுசாமி ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், அம்மா ஷீலா. மகள் வாழப்போகிற மாடியைப் பார்க்க வருகிறார்கள். படியேற ஷீலாவுக்கு மூச்சு வாங்கும். அதனால் புது சாஃப்ட்வேரில் வீட்டை டிவியிலேயே சுற்றிக் காட்டுவதாக ஷெர்வின் சொல்லியிருந்தான்.

மதியச் சாப்பாடு முடிந்ததும் ரத்தினபாய் ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். பேச்சை எங்கும் சுற்றவில்லை. மகள் இறந்தது அவர்களுக்குத் தெரியும். மாப்பிள்ளை பிள்ளையை ஒப்படைத்துவிட்டுக் கோவளத்துக்கே போய்விட்டார் என்று சொல்லியிருக்கிறார்கள். புதுப் பெண் வரும் வீட்டில் பெண்டாட்டி இல்லாத ஆம்பிளை ஒருவன் மாடியில் இருக்கிறான் என்றால் யார் பெண் கொடுப்பார்கள்? அதனால் இன்றைக்கு ஒரு நாள் அவன் ஆபீஸ் ஸ்டாஃப். ஜெரூ கீபோர்டு கிளாஸுக்குப் போகிறாள், அவர்கள் கிளம்பிய பிறகுதான் வருவாள்.

"சாரை மாமான்னு கூப்பிட்டுறாதீங்க," என்றாள். சொல்லும்போதே கணவரைச் சார் ஆக்கிவிட்டாள்.

அவன் தலையசைத்தான்.

ஷெர்வினுக்கு இன்னொரு வேலை பாக்கி இருந்தது. ஸ்கேனில் ஹாலில் இருந்த பொருளெல்லாம் படமாக விழுந்திருந்தது. டிவி, சோபா, காலண்டர். சுவரில் எப்சியின் போட்டோவும், அதைச் சுற்றிய சீரியல் பல்பும். நல்ல காரியத்தன்று வேண்டாம் என்று நிஜச் சுவரிலிருந்து ரத்தினபாய் காலையிலேயே எடுத்து பீரோவில் வைத்துவிட்டாள். திரையில் அது இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

ஷெர்வின் இரண்டு மூன்று முறை முயன்றான். சோபா போயிற்று, காலண்டர் போயிற்று. போட்டோ போகவில்லை. சாஃப்ட்வேரைப் புகழத் தெரிந்த அளவுக்கு அவனுக்கு ஓட்டத் தெரியாது. ஒன்பது நாளில் அதை ஓட்டக் கற்றுக்கொண்டவன் ஜெபகுமார்தான்.

"ஜெபா, இதைக் கொஞ்சம் எடுத்துவிடு."

ஜெபகுமார் நாற்காலியில் உட்கார்ந்தான். சுவரோடு ஒட்டியிருந்த படத்தைத் தனியாகப் பிரித்தான். சதுரமாக ஒரு நீலக்கோடு அவளைச் சுற்றி வந்தது. அழிக்கட்டுமா என்று சாஃப்ட்வேர் கேட்டது. ஆம் என்றான். திரும்பக் கொண்டுவர முடியாது, சம்மதமா என்று இன்னொரு முறை கேட்டது.

வீட்டில் அவனிடம் இரண்டு முறை கேட்ட ஒரே ஆள் அதுதான்.

"என்ன யோசனை," என்றான் ஷெர்வின் பின்னாலிருந்து. "மணி மூணே முக்கால்."

அழுத்தினான்.

பொன்னுசாமிக்கு எல்லாவற்றிலும் ஆர்வம். டிவிக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சுவருக்குள் எப்படிப் போகிறது, ஜன்னல் எப்படித் திறக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஷெர்வின் பதில் சொன்னான். மூலையில் லேப்டாப்போடு உட்கார்ந்து ஜெபகுமார் அவர்களை வாசலிலிருந்து ஹாலுக்கும், ஹாலிலிருந்து படிக்கும் நடத்திக்கொண்டு போனான்.

"தம்பி நல்லா ஓட்டுறாரே, யாரு?" என்றார் பொன்னுசாமி.

"ஆபீஸ்ல டிராயிங் பாக்குற பையன்," என்றார் ஏசுதாசன்.

"எந்த ஊரு தம்பி?"

காபித் தட்டோடு வந்த ரத்தினபாய் நடுவிலேயே நின்றாள். டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.

"ஊரப்பாக்கம் சார்," என்றான் ஜெபகுமார்.

தட்டு நகர்ந்தது.

மாடிக்கு வந்தார்கள். பெரிய அறையை ஷீலா இருக்கிற இடத்திலிருந்தே கண்ணால் அளந்தாள். பன்னிரண்டடி. மகளுக்கு வாங்கியிருக்கிற கட்டில் ஆறுக்கு ஆறரை, பீரோ இரண்டு, டிரெஸ்ஸிங் டேபிள் ஒன்று. இதில் எதை எங்கே வைப்பது என்று கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள்.

"பக்கத்துல என்ன, ஸ்டோரா?"

"ஸ்டோர்தான். சும்மாதான் கெடக்கு," என்றாள் ரத்தினபாய்.

"யாரும் தங்கலையே?"

"யாரு தங்குவா? பழைய குப்பை. அள்ளிப் போட்டா முடிஞ்சுது."

"அப்ப நடுச் சுவரை எடுத்துட்டா?" என்றான் ஷெர்வின். அந்த யோசனை அப்போதுதான் வந்ததுபோல அவன் முகம் மலர்ந்தது. "இருபத்திரண்டடி ஹால் ஆன்ட்டி. ஜெபா, அந்தச் சுவரை எடுத்துக் காட்டு."

ஜெபகுமார் சுவரின் மேல் அம்பை வைத்தான். அது சிவப்பாயிற்று. தடுப்புச் சுவர், நாலரை அங்குலம் என்று ஓரத்தில் எழுத்து வந்தது. சுமை தாங்குகிறதா என்று பார்க்கும் வசதி அந்த சாஃப்ட்வேரில் உண்டு. பணம் கட்டினால்தான் திறக்கும்.

அழுத்தினான். சுவர் போயிற்று. எப்சியும் அவனும் பதினாறு நாள் நின்று கட்டிய சுவர். ஷீலா ஆசையாக முன்னால் குனிந்தாள்.

ஏசுதாசன் மட்டும் கொஞ்சம் யோசித்தார். இருபத்தேழு வருட அனுபவம் சும்மா விடாது.

"தொட்டி படிக்கட்டுக்கு மேலதானே இருக்கு," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு மூலையைப் பார்த்தார். "நீதானே காலையில அளந்தே. அதுக்கு மேல லோடு ஒண்ணும் இல்லையே?"

அறையில் எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். அவர்கள் வந்ததிலிருந்து அவனை எல்லாரும் ஒரே நேரத்தில் பார்த்தது அப்போதுதான்.

இந்த மாடி ஷெர்வினுக்கு. இந்த அறையில் கட்டில் போட்டுப் படுக்கப்போவது ஷெர்வின். ஜெபகுமாருக்குக் கோபம்கூட வரவில்லை. அளவு படிப்பதுபோல நிதானமாக வந்தது பதில்.

"நாலரை இஞ்ச் சுவர்தான் சார். எடுத்துரலாம்."

ஏசுதாசன் பெருமூச்சு விட்டுச் சாய்ந்தார். மாற்றிய படத்தை உடனே பிரின்ட் எடுக்கச் சொன்னார். சம்பந்தியின் கண்முன்னால் முத்திரை வைத்துக் கையெழுத்துப் போட்டு ஒரு பிரதியைப் பொன்னுசாமியின் கையில் கொடுத்தார். ஷெர்வின் மேஸ்திரி அச்சுதனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான்.

"ஒரு சொவுருதானே சார்," என்றது போன். "இன்னா பெரிய வேலை. நாளிக்கு நீங்க கோயிலுக்குப் போய்ட்டு வர்றதுக்குள்ள வுயுந்து கெடக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். ஐந்தேகாலுக்குப் பெண் வீட்டார் கிளம்பினார்கள். பொன்னுசாமி போகும்போது ஜெபகுமாரின் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

அவன் லேப்டாப்பை மூடப்போனான். ரத்தினபாய் தடுத்தாள். கல்யாண வீட்டின் கணக்கு அவள் தலையில் ஓடிக்கொண்டிருந்தது.

"செவ்வாக்கெழமை கீழ பெயின்ட் அடிக்க வர்றாங்க. ஜெரூவுக்கு அந்த வாசனை ஆகாது, உடனே இழுப்பு வந்துரும். கல்யாணம் வரைக்கும் அவ மாடி ஹால்ல படுக்கட்டும். காத்தோட்டமா இருக்கும்." பிறகு அவனைப் பார்க்காமலே சொன்னாள், "நீங்க உங்க பாயை எடுத்துக்கிட்டு ஆபீஸ்ல படுத்துக்குங்க."

"அதையும் போட்டுப் பார்த்துருவோம்மா," என்றான் ஷெர்வின்.

அவன் உற்சாகத்தில் இருந்தான். மௌஸை வாங்கி, சாமான் பட்டியலைத் திறந்து, சின்னதாக ஒரு கட்டிலைத் தேடிப் பிடித்தான். ரோஸ் கலர், தலைமாட்டில் நட்சத்திரம் போட்டது. அதை இழுத்துக்கொண்டு போய் மாடியில் விட்டான். ஜன்னலுக்கும் பீரோவுக்கும் இடம் விட்டு, நடுவில், கொஞ்ச நேரம் முன்புவரை சுவர் நின்ற கோட்டின் மேல்.

ஸ்டோர் என்ற எழுத்து மறைந்தது. கட்டிலைப் பார்த்ததும் சாஃப்ட்வேர் தானாகவே மாற்றி எழுதியது: குழந்தை படுக்கையறை.

ஜெபகுமார் அதைப் படித்தான். மறுபடி படித்தான்.

சொல்ல வேண்டியது ஒரே ஒரு வரி. ஆனால் அந்த ஒரு வரியைச் சொன்னால், தெரிந்தே பொய் சொன்னான், தெரிந்தே இவர்களைத் தொட்டிக்கு அடியில் படுக்க வைக்கப் பார்த்தான் என்பதையும் சேர்த்துச் சொன்னதாக ஆகும். மாமியார் ஒரு மாதமாகக் காத்துக்கொண்டிருக்கிற காரணம் அதுதான். அதைவிடப் பெரிய காரணம் இனி எந்தக் காலத்திலும் கிடைக்காது. சொன்னால் ஜெரூ அவனுக்கு இல்லை. சொல்லாவிட்டால் ஜெரூவே இல்லை.

கேட் சத்தம் கேட்டது. கீபோர்டு பையை இழுத்துக்கொண்டு ஜெரூ ஓடிவந்தாள். டிவி பக்கம் போகவில்லை. நேரே அப்பாவின் மடியில் ஏறி லேப்டாப்பைப் பார்த்தாள்.

"ரோஸ் கட்டில் யாருக்குப்பா?"

"உனக்குத்தான்," என்றான் ஷெர்வின்.

அவள் விரலால் கட்டிலைத் தொட்டாள். தொட்டால் நகரும் திரை அது. கட்டில் கொஞ்சம் அசைந்து, அதே கோட்டில் நேராக நின்றது.

"அப்பா, இதுக்கு மேல என்ன இருக்கு?"

மொட்டை மாடியில் தொட்டி நிரம்பி வழிகிற சத்தம். மோட்டாரை நிறுத்த ரத்தினபாய் எழுந்தாள்.

"மாமா," என்றான் ஜெபகுமார்.

பேனாவை மூடிக்கொண்டிருந்த ஏசுதாசன் நிமிர்ந்தார். சுவிட்சில் கை வைத்தபடியே ரத்தினபாயும் திரும்பினாள்.

"என்ன," என்றாள் அவள். "சொல்லுங்க."